ஏழு பெட்டி வண்டி

"என் ரயில்ல சந்தோசம் இல்லம்மா" என்றார் டாக்டர் அருணகிரி.

கேட் கீப்பர் முப்பிடாதி இடது கன்னத்தில் உள்ளங்கையை அழுத்தியபடி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி வருது. பொறுங்க" என்றாள்.

தென்காசிக்குக் கிழக்கே, மஞ்சணத்திக்குளம் ஸ்டேஷனுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது அந்தக் கேட். ஒரு பக்கம் பனை, ஒரு பக்கம் சோளக்காடு, நடுவில் ஒற்றைத் தண்டவாளம். காவலுக்கு ஒரு சின்ன அறை, ஒரு வேப்பமரம், ஒரு முப்பிடாதி.

அருணகிரி பல் டாக்டர். வயது அறுபத்தொன்று. முப்பிடாதியைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். வீட்டு மாடியில், பதினான்கு அடிக்கு ஒன்பது அடி அறையில், பதினோரு வருஷமாக ஒரு ரயில் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்.

அதைப் பொம்மை ரயில் என்று சொல்லக் கூடாது. சொன்னால் கோபம் வரும். மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும்.

மஞ்சணத்திக்குளம் ஸ்டேஷனை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி அப்படியே எழுப்பியிருந்தார். பல் அச்சு எடுக்கிற மாவில் மலை. வாயில் வைக்கிற பஞ்சைப் பிய்த்து அருவி. பல்லைக் குடைகிற கருவியால் தண்டவாளக் கட்டைகளில் ஊசித் துளை. மலைக்கு நடுவே ஒரு குகை. குகைக்குள் நுழைந்து, மறுபக்கம் வந்து, ஸ்டேஷனைத் தொட்டு, வளைந்து மறுபடியும் குகைக்கே போகும் ஏழு பெட்டி வண்டி.

அவர் மனைவி செண்பகம் ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "உழக்குக்குள்ள கிழக்கு மேற்கா?" என்று கேட்டாள். அதோடு சரி. அப்புறம் அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

இவ்வளவு இருந்தும் கொஞ்ச நாளாக அந்த ரயிலில் சந்தோஷம் இல்லை. மாதிரி ரயில் கட்டுகிற சென்னை, பெங்களூர் நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டார். ஒருவர் சக்கரத்தை மாற்றச் சொன்னார். இன்னொருவர் ஹாரன் சத்தத்தை மாற்றச் சொன்னார். மூன்றாமவர் எரிச்சலில், "போய் நிஜ ரயிலைப் பாருங்க சார்" என்றார்.

டாக்டர் அதை உபதேசமாக எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கேட்டுக்கு வந்துவிட்டார்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடத்து லாரி வருது" என்றார். "பதினோரு வருச உழைப்பு. அம்புட்டையும் தூக்கிக் குடுத்திரலாம்னு இருக்கேன். ஆனா குடுக்கதுக்கு முன்னால ஒண்ணு தெரியணும். இங்க நின்னு பாத்தா நெஞ்சு நெறயுது. அங்க நின்னு பாத்தா நெறய மாட்டேங்கு. ஏம்மா?"

முப்பிடாதி பச்சைக் கொடியை விரித்தாள். சிவப்புக் கொடி சுருட்டியபடி கக்கத்தில் இருந்தது.

முதலில் தண்டவாளம் மெல்ல முனகியது. அப்புறம் ஹாரன். அப்புறம் இன்ஜின்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. அதை அவரால் மறைக்க முடியாது. ரயிலைக் கண்டால் அவருக்கு ஏழு வயது ஆகிவிடும். காற்று நெஞ்சில் வந்து முட்டியது, காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து இன்ஜின் நம்பரை எழுதினார். எந்த ஊர் ஷெட் இன்ஜின் என்று எழுதினார். மணி பார்த்து அதையும் எழுதினார்.

நிமிர்ந்தபோது வண்டி போயிருந்தது.

முப்பிடாதி கொடியைச் சுருட்டினாள். கைப்பிடியைச் சுற்றிக் கேட்டைத் தூக்கினாள். காத்திருந்த இரண்டு பைக்கும் ஒரு ஷேர் ஆட்டோவும் கடந்து போயின. அவள் அறைக்குள் போய் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்தாள்.

"ஆமா சார். முழுசாப் போயிட்டு சார்."

வெளியே வந்தாள்.

"பாத்தியளா?"

"எத?"

"வண்டிய."

"பாத்தேனே!" டாக்டர் நோட்டைப் பிரித்து வாசித்தார். நம்பர், ஷெட், நான்கு நிமிஷம் தாமதம்.

"அது இன்ஜின்லா" என்றாள் முப்பிடாதி. "நான் வண்டியக் கேட்டேன். போயிட்டு நாளைக்கு வாங்க."

ஞானிகள் சுருக்கமாகத்தான் பேசுவார்கள் என்று டாக்டர் படித்திருக்கிறார். அதனால் அவள்மேல் அவருக்கு மரியாதை கூடியது.

உண்மையில் முப்பிடாதிக்குப் பல்வலி. வாயைத் திறந்தால் காற்றுப் பட்டுச் சுரீர் என்றது. முப்பது வருஷம் பல் பார்த்த மனிதர், எதிரில் நின்றவளின் வீங்கிய கன்னத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்வை தண்டவாளத்தில் இருந்தது.



வியாழக்கிழமை மறுபடியும் வந்தார்.

"இன்னிக்கு இன்ஜினோட நிறுத்த மாட்டேன்" என்றார்.

முப்பிடாதி தலையை மட்டும் ஆட்டினாள்.

அதே வண்டி வந்தது. அதே காற்று, அதே அதிர்வு. டாக்டர் நோட்டில் மும்முரமாக எழுதினார். கேட் உயர்ந்தது. அறைக்குள் ஃபோனில் அதே குரல் கேட்டது.

"ஆமா சார். முழுசாப் போயிட்டு சார்."

வெளியே வந்தாள்.

"பாத்தியளா?"

"ஒவ்வொரு பெட்டியாச் சொல்லுதேன், கேளுங்க." டாக்டர் தொண்டையைச் செருமினார். எது முன்பதிவில்லாத பெட்டி, எது படுக்கை, எது குளிர்சாதனம், எதற்கு அடுத்து எது என்று வரிசையாக ஒப்பித்தார். மூச்சு வாங்கியது. "மொத்தம் பதினேழு பெட்டி."

"எண்ணுனியளா?"

"இத எண்ணணுமா? இந்த வண்டிக்கு வருசம் பூராவும் பதினேழுதான்."

"இன்னிக்குப் பதினாறு."

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினார்.

"இருக்காதும்மா."

"ஒரு பெட்டி ரிப்பேராம். கழட்டி வச்சிட்டாவ. காலையிலயே ஸ்டேஷன்ல சொன்னாவ."

டாக்டர் மேற்கே பார்த்தார். எண்ணிக்கொள்ளட்டும் என்று வண்டி திரும்பி வரப் போவதில்லை. இருந்தாலும் பார்த்தார்.

"வண்டி போகையில கண்ண எங்க வச்சிருந்திய?" என்று கேட்டாள் முப்பிடாதி.

டாக்டர் நோட்டைப் பார்த்தார். பதினேழு என்பதைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டிருந்தார்.

"நாளைக்கு வாங்க" என்றாள்.



அன்று மாலை மாடியில் ஏழு பெட்டி வண்டியை ஓடவிட்டார். இன்ஜின் குகைக்குள் போனது. வெளியே வந்தது. ஸ்டேஷனைத் தொட்டது. ஒரு விநாடி பிந்தவில்லை.

அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொட்டாவிதான் வந்தது.

செண்பகம் காபியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஏங்க."

டாக்டர் திரும்பாமல் ஒரு விரலை உயர்த்தினார். பொறு என்று அர்த்தம். இன்ஜின் மறுபடியும் குகையை நெருங்கிக்கொண்டிருந்தது. அதே கையைப் பின்னால் நீட்டினார். டம்ளர் கைக்கு வந்தது.

"இன்னிக்கும் கேட்டுக்கா போனிய?" என்று கேட்டாள்.

"ம்."

"என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா."

வண்டி குகைக்குள் இருந்தது. அங்கே சத்தம் அதிகம். அவர் காதில் அது விழவில்லை.



வெள்ளிக்கிழமை நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

கைக்கு வேலை இல்லாமல் போனதும் கண்ணுக்கு வேலை வந்தது. முதலில் கண்ணில் பட்டது முப்பிடாதியின் கன்னம்.

"என்னம்மா இது, கொழுக்கட்டைய அடக்கி வச்ச மாதிரி?"

"பல்லு. ஆறு நாளா."

"ஆறு நாளா! மூணு நாளா நான் முன்னால வந்து நிக்கேன். ஒரு பல் டாக்டர்கிட்ட சொல்லப்படாதா?"

"நீங்க ரயிலப் பத்திக் கேட்டிய" என்றாள் முப்பிடாதி. "நான் ரயிலப் பத்திச் சொன்னேன்."

டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து டார்ச்சையும், எப்போதும் கூடவே வைத்திருக்கும் சின்ன வாய்க் கண்ணாடியையும் எடுத்தார். குழாயில் கையைக் கழுவினார். வேப்பமரத்தடி ஸ்டூலில் அவளை உட்காரவைத்தார்.

"எந்தப் பல்லு?"

அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். டாக்டர் அந்தப் பல்லைத் தட்டிப் பார்த்தார். அதோடு விடாமல் கண்ணாடியை இன்னும் உள்ளே நகர்த்தினார்.

"வலிக்கது அதுதான. அது ஒண்ணப் பாத்தாப் பத்தாதா?" என்று அவள் கண்ணாடிக்கு இடையில் குழறினாள்.

"பத்தாது. வாய அசைக்காதிய." டாக்டர் பாடம் நடத்துகிற குரலுக்கு வந்துவிட்டார். முப்பது வருஷமாகச் சொல்லிவருகிற பேச்சு. "எல்லாரும் முன்பல்லத்தான் பாப்பாங்க. தேய்க்கதும் அதத்தான், கண்ணாடியில பாத்துச் சிரிக்கதும் அதத்தான். அது முத்து மாதிரி இருக்கும். சொத்தை எங்கேயோ பின்னால கெடக்கும். கடைசிப் பல்லு வரைக்கும் பாத்தாத்தாம்மா வாயப் பாத்ததா அர்த்தம். அந்தக் கடைசிப் பல்ல மட்டும் ஒருத்தரும் எட்டிப் பாக்க—"

நிறுத்தினார்.

டார்ச் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி அவள் வாய்க்குள்ளேயே இருந்தது. முப்பிடாதியால் ஒன்றும் பேச முடியவில்லை. திறந்த வாயோடு அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் டாக்டர் கண்ணாடியை வெளியே எடுத்தார்.

"நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்க. சொத்தை கடைசிப் பல்லுலதான். சரி பண்ணிரலாம்."

"நாளைக்கு எனக்கு லீவுதான். வாறேன்."

டாக்டர் மரத்தடி மண்ணிலேயே உட்கார்ந்தார். வெள்ளைப் பேன்ட் என்பதை மறந்துவிட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம மறைச்சிட்டேன்" என்றார். "மூணு வாரம் முன்னால பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ரயில் பாக்க வந்தாரு. கூட ரெண்டு டாக்டர்மாரு. வண்டிய விட்டேன். ஏழு பெட்டி. குகைக்குள்ள போச்சு, அந்தப் பக்கம் வந்துச்சு, ஸ்டேஷனுக்கு டாண்ணு வந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. இன்னும் ஒரு சுத்து பாருங்கன்னு சொன்னேன். மறுபடியும் குகைக்குள்ள போச்சு. டமார்னு ஒரு சத்தம்."

"எதுல முட்டுச்சு?"

"அதோட கடைசி மூணு பெட்டியில."

முப்பிடாதிக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"மொதச் சுத்துல குகைக்குள்ள கொக்கி விட்டிருக்கு" என்றார் டாக்டர். "மூணு பெட்டி உள்ளயே நின்னு போச்சு. மிச்ச நாலு பெட்டிய இழுத்துக்கிட்டு இன்ஜின் ஊரச் சுத்தி வந்து, தன் வாலுலயே போய் முட்டிருச்சு. ஹெட்மாஸ்டர் சிரிச்சிட்டாரு. நல்ல மனுசன், அடக்கத்தான் பாத்தாரு. கொக்கிய அன்னிக்கே மாத்திட்டேன். ஆனா அன்னிக்குப் போன சந்தோசம் இன்னும் வரல."

முப்பிடாதியும் சிரித்திருப்பாள். சிரித்தால் வலிக்கும்.

"குகைக்குள்ள எத்தன பெட்டி போச்சு?" என்று கேட்டாள்.

"ஏழு."

"வெளிய எத்தன வந்துச்சு?"

"நான் இன்ஜினப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அம்புட்டுப் பேர் இருந்தியள. ஒருத்தர் கூடவா பாக்கல?"

"ஒருத்தரும் பாக்—"

வாய் பாதியில் நின்றது. வாசற்படியிலிருந்து ஒரு குரல் அவர் நினைவுக்கு வந்தது. ஏங்க, என்று. அன்றைக்கு அது இரண்டு தடவை கேட்டது. ஹெட்மாஸ்டர் எதிரில் என்ன இது என்று நினைத்து, திரும்பாமல் விரலை உயர்த்தியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அறைக்குள் ஃபோன் அடித்தது. முப்பிடாதி எழுந்து போனாள். கேட்டை இறக்கினாள். பச்சைக் கொடியை விரித்தாள்.

டாக்டர் எழுந்து கேட் கம்பியருகே நின்றார். கையில் நோட்டு இல்லை.

இன்ஜின் வந்தது. போகட்டும் என்று விட்டார்.

பெட்டிகள் வந்தன. ஒரு ஜன்னலில் யாரோ ஈரத் துண்டைக் கட்டியிருந்தார்கள், அது படபடத்தது. ஒரு வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் கடலை தின்றார்கள். ஒரு அம்மாள் கைக்குழந்தையின் கையைப் பிடித்து வெளியே ஆட்டினாள், கேட்டில் நின்ற எல்லோருக்குமாக.

கடைசிப் பெட்டி வந்தது.

அதன் வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட கார்டு நின்றிருந்தார். அவர் கையில் ஒரு பச்சைக் கொடி. முப்பிடாதி தன் கொடியை அவருக்குக் காட்டினாள். அவர் தன் கொடியை அவளுக்குக் காட்டினார். இரண்டு கொடியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பெட்டியின் முதுகில் ஒரு சின்னப் பலகை தொங்கியது. கடைசிப் பெட்டி இதுதான், இதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று சொல்லும் பலகை.

வண்டிக்குப் பின்னாலேயே வேப்பஞ் சருகுகள் கொஞ்ச தூரம் ஓடின. எட்டிப் பிடிக்க முடியாமல் அங்கங்கே உட்கார்ந்துவிட்டன.

நாற்பது வருஷமாக ரயில் பார்க்கிற டாக்டர் அருணகிரி இதை இதுவரை பார்த்ததில்லை.

முப்பிடாதி கேட்டைத் தூக்கிவிட்டு ஃபோனில் பேசினாள்.

"ஆமா சார். முழுசாப் போயிட்டு சார்."

மூன்று நாளாக அதே வார்த்தைதான். இன்றைக்குத்தான் டாக்டரின் காது அதை உள்ளே விட்டது.

"அந்தப் பலகை இல்லாம ஒரு வண்டி வந்தா?" என்று கேட்டார்.

"செவப்புக் கொடி. உடனே ஸ்டேஷனுக்கு ஃபோனு. பின்னால என்ன நின்னுட்டோ, யாருக்குத் தெரியும்? அடுத்த வண்டிய விட மாட்டாவ."

"தும்ப விட்டு வாலப் பிடிக்கக் கூடாதுன்னுதானம்மா சொல்லுவாங்க."

"மாட்டுக்கு அது சரி" என்றாள் முப்பிடாதி. "வண்டிக்கு வாலுதான் சாட்சி."

அவள் பாத்தியளா என்று கேட்பாள் என நினைத்து டாக்டர் நின்றார். அவள் கேட்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.



செண்பகம் அடுக்களையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஹெட்மாஸ்டர் வந்த அன்னிக்கு ஏங்கன்னு கூப்பிட்டியே."

"எப்பமும்தான் கூப்பிடுதேன்."

"அன்னிக்கு என்ன சொல்ல வந்த?"

"மூணு பெட்டி உள்ளயே நின்னுட்டுன்னு சொல்ல வந்தேன்."

கத்தி நிற்கவில்லை. காய் துண்டாகி விழுந்துகொண்டே இருந்தது.

சென்னைக்கும் பெங்களூருக்கும் எழுதிக் கேட்டவர் டாக்டர். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்கள் உண்டு. இவர் வெண்ணெயை வாசற்படியில் நிறுத்திவைத்துவிட்டு அலைந்திருக்கிறார்.

"நீ மட்டும் எப்படிப் பாத்த?"

"நான் எப்பமும் கடைசிப் பெட்டியத்தான பாப்பேன்" என்றாள் செண்பகம். "முன்னால ஞாயித்துக்கிழமை தோறும் கேட்டுக்குப் போவோம்லா, அப்பமே அப்படித்தான். கார்டுக்குக் கை காட்டுவேன். அவரும் காட்டுவாரு. ஒரு நாளும் காட்டாமப் போனதில்ல."

"நீ ஒரு நாள் கூட எங்கிட்ட சொன்னதில்லையே."

"எங்க சொல்ல? அதுக்குள்ள நீங்க ஸ்கூட்டர ஸ்டார்ட் பண்ணிருவிய. கேட்டு தொறந்ததும் மொத ஆளாப் போகணும் உங்களுக்கு. பின்னால உக்காந்து திரும்பித் திரும்பிப் பாத்து எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. நிறுத்தியது அவர்தான். மாடியில் பாதை போட ஆரம்பித்த பிறகு கேட்டுக்குப் போக நேரம் இல்லை.

"மாடி ரூமுக்குள்ள ஏன் நீ வந்ததே இல்ல?" என்று கேட்டார்.

செண்பகம் முதல்முறையாகக் கத்தியை நிறுத்தினாள்.

"அந்த வண்டியில யாருக்குங்க கை காட்ட?"



சனிக்கிழமை காலையில் முப்பிடாதியின் பல் சரியானது. மாலையில் டாக்டர் மாடியில் உட்கார்ந்தார்.

பல் செட்டு செய்கிற பொருளில் ஒரு துணுக்கை எடுத்தார். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஆளைச் செதுக்கினார். வெள்ளைச் சட்டை தீட்டினார். செண்பகத்தின் பச்சை ரவிக்கைத் துணியில் எள்ளளவு கத்தரித்து, கொடியாக அந்த ஆளின் கையில் ஒட்டினார். ஏழாவது பெட்டியின் வாசலில் அந்த ஆளை நிறுத்தி, பெட்டியின் முதுகில் அரிசி அகலத்துக்கு ஒரு பலகை மாட்டினார்.

பதினோரு வருஷமாக ஆணித் துளை முதற்கொண்டு அளந்து அளந்து செய்தவர். அந்த வண்டிக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"செண்பகம்."

அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"உள்ள வா. இங்க வந்து உக்காரு."

குகை வாய்க்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டிருந்தார். அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊரையும் மரத்தையும் மிதித்துவிடாமல் சுவரோரமாக நடந்து வந்து உட்கார்ந்தாள். மலையைப் பார்த்தாள். பஞ்சு அருவியைத் தொட்டுப் பார்த்தாள்.

டாக்டர் சுவிட்சைப் போட்டார். வண்டி குகைக்குள் போனது.

அவர் இன்ஜினைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஜின் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் உதடு அசைந்தது. ஏழாவது பெட்டி வெளியே வந்தபோது அவள் குனிந்தாள். வாசலில் நின்ற குட்டி ஆளைப் பார்த்தாள். சட்டென்று கை உயர்ந்துவிட்டது. தானே அதைக் கண்டு வெட்கப்பட்டு இறக்கினாள்.

"முழுசா வந்துட்டுங்க" என்றாள்.

டாக்டருக்குக் கண் கலங்கியது. சந்தோஷம்தான். மூன்று வாரமாகத் தேடியது, தேடாத இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது.

கீழே போய் ஹெட்மாஸ்டருக்கு ஃபோன் செய்தார்.

"திங்கக்கிழமை லாரி வேண்டாம் சார்."

"என்ன டாக்டர், மனசு மாறிட்டா?"

"பிள்ளைகளக் கூட்டிட்டு இங்க வாங்க. வந்து பாக்கட்டும். ஸ்டூல் எத்தன வேணும்னு மட்டும் சொல்லிருங்க."



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டர் கேட்டுக்கு வந்தது. பின்னால் செண்பகம்.

கேட் சாத்தியிருந்தது. பின்னாலேயே ஒரு டிராக்டரும் நாலைந்து பைக்குகளும் வந்து நின்றன. டாக்டர் வண்டியை அணைத்துச் சாவியைப் பைக்குள் போட்டார். இருவரும் இறங்கி ஓரமாகக் கம்பியருகே போய் நின்றார்கள்.

முப்பிடாதியின் கன்னம் வடிந்திருந்தது. செண்பகத்தைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

தண்டவாளம் முனகியது. ஹாரன் கேட்டது. இன்ஜின் வந்தது, பெட்டிகள் வந்தன. டாக்டருக்கு நெஞ்சு நிறைந்தது. இதைச் சொல்ல அவருக்கு வேறு வார்த்தை கிடைத்ததில்லை.

கடைசிப் பெட்டி வந்தபோது செண்பகம் கையை உயர்த்தினாள். வாசலில் நின்ற கார்டு இளம் வயதுக்காரர். முப்பிடாதிக்குக் கொடியைக் காட்டினார். அப்புறம் இன்னொரு கையை எடுத்துச் செண்பகத்துக்கு ஆட்டினார்.

டாக்டரும் ஆட்டினார்.

பாதை நேராக மலையைப் பார்த்துப் போகிறது. வண்டி சிறுத்தது. பெட்டி தீப்பெட்டியானது. பலகை மிளகு அளவானது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. செண்பகம் கையை இறக்காமல் நின்றாள்.

அவளைத் தொந்தரவு செய்ய டாக்டருக்கு மனம் வரவில்லை. தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லச் சொன்னார்.

"கேட்டக் கொஞ்சம் பொறுத்துத் தொறங்கம்மா. இவ இன்னும் பாத்துக்கிட்டு இருக்கா."

"தொறந்து நாலு நிமிசம் ஆச்சு, டாக்டரய்யா" என்றாள் முப்பிடாதி.